சமையலக்கா சொல்லாத பதில்

கதவைத் திறந்ததும் அந்த ஆள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பேருந்து ஓட்டுநரின் நீலச் சட்டை, கையில் கைபேசி, சவரம் செய்யாத முகம்.

"நீங்கதானே சமையலக்கா?"

"ஆமா. நீங்க யாரு?"

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். ஒரு வார்த்தை மாத்தல. இப்ப என் பொண்டாட்டி வீட்டுல இல்ல."

சண்டைக்கு வந்தவர் போலத்தான் நின்றார், ஆனால் குரல் உயரவில்லை. அதுதான் அக்காவைத் தயங்க வைத்தது. கத்துகிறவர்களைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். கேக் அமுங்கிப் போச்சு, பால் திரிஞ்சு போச்சு, விருந்தாளி முன்னால மானம் போச்சு என்று எத்தனையோ பேர் அவரிடம் கத்தியிருக்கிறார்கள். இப்படி ஓய்ந்துபோய் வந்து நின்றவர் யாருமில்லை.

ஒரு வாரப் பத்திரிகையில் 'சமையலக்காவைக் கேளுங்க' என்ற பக்கத்தை இருபது வருஷத்துக்குக் கிட்ட எழுதியவர் அவர். பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர்தான். கடைசியில் தெருமுனை மருந்துக்கடைக்காரர் முதல் கட்டின புருஷன் வரை எல்லார் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. எழுத்தோடும் நிற்கவில்லை. பத்திரிகை கொடுத்த எண்ணை அழைத்தால் அந்த வாரத்துப் பதில்களை அவர் குரலிலேயே கேட்கலாம். வாராவாரம் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, விசிறிகூட இல்லாமல் வியர்த்து வழிந்து பேசிவிட்டு வருவார்.

அவரிடம் ஒரு கேள்விக்கு உடனே பதில் வாங்கிவிட முடியாது. முதலில் திருப்பிக் கேட்பார். சாதம் குழையுது என்றால், அரிசி புதுசா பழசா, தண்ணியை அளந்து ஊத்தினீங்களா கண்ணால பார்த்து ஊத்தினீங்களா என்பார். வெந்த முட்டை உரிக்க வரவில்லை என்றால், வாங்கி எத்தனை நாள் ஆச்சு என்பார். அன்றைக்கு வந்த முட்டை என்றால் ஓட்டோடு பாதி வெள்ளையும் போகத்தான் செய்யும், சில நாள் கிடந்த முட்டையை வேகவையுங்கள் என்பார். உப்பு கூடிப்போச்சு, உருளைக்கிழங்கு போட்டா இழுத்துக்குமா என்று யாராவது கேட்டால், "உருளைக்கிழங்குக்கு உங்க மேல அவ்வளவு அக்கறை கிடையாது. இன்னும் அடுப்புலதான் இருக்கா, மேசைக்குப் போயாச்சா, அதை முதல்ல சொல்லுங்க" என்பார். வீட்டுக்கே தொலைபேசியில் அழைத்துக் கேட்டவர்களிடம் உடனே விசாரிப்பார். எழுதிக் கேட்டவர்களுக்கு, இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது என்று பிரித்துப் பிரித்து எழுதுவார். பத்திரிகையில் சிலருக்கு இது எரிச்சல். சமையல் குறிப்பு கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறதே என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள்.

போன வருஷம் அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். இடப் பற்றாக்குறை என்றார்கள். ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள். அதில் பாதிப் பூ பிளாஸ்டிக்.

"நான் உங்களுக்கு ஒண்ணும் சொல்லலையே தம்பி. நான் யாருக்கும் பதில் சொல்லியே ஒரு வருஷம் ஆகுது."

ஓட்டுநர் கைபேசியைத் தட்டி நீட்டினார்.

"சிவப்பு பீன்ஸை, அதான் ராஜ்மாவை, ராத்திரியே ஊற வெச்சிடுங்க. காலையில தண்ணியை வடிச்சிட்டு, ஸ்லோ குக்கர்ல போட்டு, குறைஞ்ச சூட்டுல சாயந்திரம் வரைக்கும் விட்டுடுங்க. பஞ்சு மாதிரி வெந்திருக்கும். கவலையே படாதீங்க."

அக்காவின் குரல். அவர் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே மூச்சு வாங்கியது. 'கவலையே படாதீங்க'வில் அவர் கொஞ்சம் இழுப்பது வழக்கம். அந்த இழுப்பும் அப்படியே இருந்தது. பூட்டின வீட்டுக்குள்ளிருந்து யாரோ தன் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்த மாதிரி அவருக்கு உடம்பு கூசியது.

"இது என் வாயில இருந்து வந்தது இல்ல."

"அப்ப யாரு வாய்க்கா இது?" என்று ஓட்டுநர் கேட்டார்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அக்காவின் வீட்டுக்காரர் குழாய் பழுதுபார்ப்பவர். கிளம்பிக்கொண்டிருந்தவர் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓட்டுநர் நடந்ததைச் சொன்னார்.

அவர் மனைவி வேலை பார்க்கும் இடத்தில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்திருக்கிறது. முழங்கால் வரை மாவுக்கட்டு. சமையல் இவர் தலையில். அதுவரை அடுப்புப் பக்கம் போகாதவர். காலைப் பேருந்து எடுக்கப் போய் மாலையில்தான் திரும்புவார் என்பதால், கூட வேலை பார்க்கும் கண்டக்டர் தன் வீட்டில் சும்மா கிடந்த ஸ்லோ குக்கரைக் கொடுத்திருக்கிறார். காலையில் போட்டுவிட்டுப் போனால் தானாக மெல்ல மெல்ல வேகும் மின்சாரப் பானை. என்ன போடுவது, எப்படிப் போடுவது என்று தெரியாமல்தான் பத்திரிகை சமையலக்கா பெயரில் புதிதாக விட்டிருக்கும் கைபேசி ஆப்பைக் கேட்டிருக்கிறார். சமையலக்கா என்ற பெயர் அவர் அம்மா காலத்திலிருந்தே தெரிந்த பெயர். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்திருப்பேன் என்றார்.

அன்று சாயந்திரம் மாமியார் மகளைப் பார்க்க வந்திருக்கிறார். மூவரும் ரொட்டியோடு சாப்பிட்டிருக்கிறார்கள். படுக்கப் போவதற்குள் மூவருக்கும் குமட்டல். அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிற்கவே இல்லை. மனைவி கட்டுக்காலோடு கழிவறைக்கு ஓடப் பார்த்து வாசற்படியில் விழுந்துவிட்டார். கட்டு உடைந்து, கூடியிருந்த எலும்பு மறுபடி விலகிவிட்டது. மருத்துவமனையில் புதிதாகக் கட்டு போட்டு அனுப்பினார்கள். மாமியார் மகளை அங்கிருந்தே தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

"காலுடைஞ்சவளுக்கு விஷம் வெச்சவன்னு எங்க அத்தை எல்லார்கிட்டயும் சொல்றாங்க. அவ ஒண்ணும் சொல்லல. போன் எடுக்கிறா, 'ம்'னு கேட்டுக்கிறா, வெச்சிடறா." சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா அலசினேன்க்கா. மூணு தண்ணி விட்டு அலசினேன். எங்க தப்பு பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க."

அலசினதிலோ ஊற வைத்ததிலோ தப்பில்லை என்று அக்கா சொன்னார். சிவப்பு பீன்ஸில் இயற்கையாகவே ஒரு நஞ்சு இருக்கிறது. ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில், முதலில் தளதளவென்று நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பத்து நிமிஷம் குறைந்தபட்சம், அரைமணி நேரம் என்றால் இன்னும் நல்லது. அந்தக் கொதியில்தான் நஞ்சு சாகும். அதற்குப் பிறகு எந்தப் பானையில் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வேகவைக்கலாம். கொதிக்காத இளஞ்சூட்டில் நாள் முழுக்கக் கிடந்தால் பீன்ஸ் பஞ்சாகும், நஞ்சு போகாது. சில நேரம் கூடவும் செய்யும்.

"உங்ககிட்ட அது ஏதாவது கேட்டுதா தம்பி? கொதிக்க வெச்சீங்களா, என்ன பானை, யாரு சாப்பிடப் போறாங்க, ஏதாவது?"

"ஒண்ணும் கேக்கல. நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடுச்சு."

அக்கா எழுந்தார். வீட்டுக்காரரிடம் குடை எங்கே என்று கேட்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கையில் ஏதாவது வேண்டும் போலிருந்தது.

பத்திரிகை அலுவலகம் ஒரு வருஷத்தில் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. பஞ்சு ஒட்டிய அறையில் இப்போது காப்பி இயந்திரம் இருந்தது. ஆசிரியர் வாசல்வரை வந்து அழைத்துப் போனார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அக்கா பதிவுக்கு வரும் நாளெல்லாம் அவர் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த ஆள். இன்னும் அக்கா என்றுதான் கூப்பிட்டார், காப்பி வரவழைத்தார், வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டார். பீன்ஸ் விஷயத்தைக் கேட்டதும் உண்மையிலேயே வருத்தப்பட்ட முகம் வைத்துக்கொண்டார். உடனே ஒருவரை அழைத்துச் சொன்னார். காப்பி ஆறுவதற்குள், பீன்ஸ் பதிலைத் திருத்தியாகிவிட்டது என்று தகவல் வந்தது.

"பாத்தீங்களா அக்கா, எவ்வளவு சீக்கிரம். முன்னாடின்னா திருத்தம் போட ஒரு வாரம் ஆகும்."

"முன்னாடி திருத்தம் போடற மாதிரி எதுவும் வரல."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மற்ற பதில்களை யார் பார்த்தது என்று கேட்டார். அதற்கு ஆசிரியர் நீளமாக விளக்கம் சொன்னார். அக்காவின் பழைய பதில்கள் எல்லாவற்றையும், இணையத்தில் கிடைக்கிறதையும் சேர்த்து அந்த இயந்திரத்துக்குள் போட்டிருக்கிறார்கள். அது தானே கோத்துப் பதில் சொல்லும். குரலுக்கு அக்காவின் பழைய பதிவுகளைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு வருகிற கேள்விகளை மனுஷர் யாரும் உட்கார்ந்து படிக்க முடியாது. பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது.

"அது ஏன் திருப்பி ஒரு கேள்வி கேக்க மாட்டேங்குது?"

"கேக்க வெச்சுப் பார்த்தோம் அக்கா. கேட்டா பாதிப் பேர் ஆப்பை மூடிட்டுப் போயிடறாங்க. யாருக்கும் பொறுமை கிடையாது இப்ப."

"போகட்டுமே. வாந்தி எடுக்காமலாவது போவாங்க."

ஆசிரியர் காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்தார். அக்காவின் கோபம் தனக்குப் புரிகிறது என்றார். ஆனால் பெயர் பத்திரிகை வைத்த பெயர், பதிவுகள் பத்திரிகையின் சொத்து, அதில் சட்டப்படி ஒரு சிக்கலும் இல்லை என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சியில் ஆப்புக்குத் தனியாக ஒரு கடை போடுகிறார்கள். அக்கா வந்து பக்கத்தில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் சந்தோஷம்.

அக்காவுக்குக் காது மடல் இரண்டும் சூடாகிவிட்டது. ஆனாலும் நிதானமாகத்தான் கேட்டார்.

"பதிவு உங்களோடதுதான். நான் சொன்னதை நூறு தடவை போட்டுக்கோங்க, நான் சண்டைக்கு வரல. நான் சொல்லாததை என் தொண்டையில இருந்து எப்படி எடுத்தீங்க? அதுக்கு உங்க வக்கீல் என்ன சொன்னாரு?"

ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். காப்பியை அக்கா தொடவே இல்லை. வெளியே வந்து தெருவைக் கடக்கும்போது குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அதை எடுக்கத் திரும்பிப் போவதா என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. போகவில்லை.

மறுநாள் ஓட்டுநரோடு அவர் மாமியார் வீட்டுக்குப் போனார். அந்த அம்மாள் ஒரு பெரிய சலவை நிலையத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. கூடத்தில் மகள் கட்டுக்காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். கணவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அம்மா முறைத்ததும் அப்படியே சாய்ந்துகொண்டார்.

அக்கா வாயைத் திறந்து நல்லா இருக்கீங்களா என்றுதான் கேட்டார். மாமியார் சட்டென்று திரும்பினார். மருத்துவமனையில் மருமகன் தன் பக்க நியாயத்துக்குப் போட்டுக் காட்டிய அதே குரல்.

"நீதானா அது? வீடு தேடி வேற வர்றியா?"

ஓட்டுநர் குறுக்கே பேச வந்தார். அக்கா கையமர்த்தினார். தான் வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள் என்றார். பீன்ஸில் என்ன இருக்கிறது, அது எப்போது போகும், அன்றைக்கு ஏன் போகவில்லை என்று முழுதாகச் சொன்னார். பிறகு ஓட்டுநரைக் காட்டினார்.

"இவர் ஊற வெச்சார், வடிச்சார், அலசினார். தெரியலைன்னு ஒருத்தரைக் கேட்டார். சமைக்கத் தெரியாத ஆம்பிளைங்க எத்தனை பேர் கேக்கறாங்க? வாயில போனா போதும்னு எதையாவது கிண்டி வெச்சிடுவாங்க. கேட்ட மனுஷனுக்குத்தான் இந்தப் பேரு வந்திருக்கு."

மாமியார் மருமகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் யாரு மேலதான் கோபப்படறது? எம் பொண்ணு காலு ரெண்டாவது தடவை போயிருக்கு."

"என் மேல படுங்க. என் குரல்தானே. நான் வேணாம்னு சொல்லல. ஆனா நானும் உங்க பின்னாலதான் வரிசையில நிக்கறேன். எனக்கும் கோபப்பட ஆள் வேணும்."

அலுவலகத்தில் நடந்ததை அக்கா சொல்லச் சொல்ல மாமியார் முகம் மாறியது. வக்கீல் சொன்னதைக் கேட்டு மூக்கை உறிஞ்சினார். ஆனால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொன்னதுதான் அவரைத் தூக்கிவாரிப்போட்டது. அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். கட்டிலில் இருந்த மகள் முதல் தடவையாக வாயைத் திறந்தார். அம்மா, நான் முதல்லயே சொன்னேன் இல்ல, அவரு வேணும்னு செய்யலன்னு, என்றார். நீ சும்மா இரு என்று மாமியார் சொன்னார். ஆனால் மருமகனைப் பார்த்து, நின்னுகிட்டே இருக்கீங்களே மாப்பிள்ளை, உட்காருங்க என்றும் சொன்னார். அப்புறம் அக்காவிடம் திரும்பினார்.

"அந்தக் கண்காட்சி எங்க நடக்குது?"

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமியாரும் போனார்கள். ஓட்டுநருக்கு அன்று வேலை; மனைவிக்குத் துணையாக அக்காவின் வீட்டுக்காரர் போய், அங்கே சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டார். கண்காட்சி மைதானத்தில் மிக்ஸி, துணி துவைக்கும் இயந்திரம், ஒட்டாத வாணலி என்று ஒவ்வொரு கடையிலும் ஒருவர் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டிருந்தார். அத்தனைக்கும் நடுவே அக்காவின் குரல் கேட்டது. "வாங்க, சமையலக்கா பேசறேன். என்ன சந்தேகம் கேளுங்க." மாமியார் அக்காவின் வாயைத் திரும்பிப் பார்த்தார். மூடித்தான் இருந்தது.

பத்திரிகையின் கடையில் ஆளுயரத் திரை ஒன்று. அதில் சிரித்த முகத்தோடு ஒரு பெண்ணின் ஓவியம், கையில் கரண்டி. முன்னால் ஒலிவாங்கி. கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு இளம்பெண். கேள்வி கேட்கச் சின்ன வரிசை நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் ஒலிவாங்கி அருகே போய், பூண்டு மலிவாகக் கிடைத்தது, நிறைய உரித்து வைத்துவிட்டேன், கெடாமல் எப்படி வைப்பது என்று கேட்டார்.

"ரொம்ப சுலபம். சுத்தமான கண்ணாடி பாட்டில்ல போட்டு, மூழ்கற அளவு எண்ணெய் ஊத்தி, இறுக்கி மூடி அலமாரியில வைங்க. மாசக்கணக்குல அப்படியே இருக்கும். கவலையே படாதீங்க."

அக்கா வரும்போது என்ன பேசுவது என்று ஏதேதோ தயார் செய்து வைத்திருந்தார். எல்லாம் மறந்துவிட்டது.

"வைக்காதீங்க," என்றார்.

கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்தார், பிறகு பின்னால் திரும்பினார். வரிசையே திரும்பியது. ஒரே குரல் முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் ஒரு மாதிரியும் சொன்னால் யாருக்குத்தான் குழப்பம் வராது.

"வெறும் எண்ணெய்ல முக்கி வெளியில வெச்சா காத்துப் படாம உள்ளயே விஷம் பிடிக்கும். நிறம் மாறாது, வாசனை வராது, உங்களுக்குத் தெரியவே தெரியாது. பீன்ஸாவது வாந்தியோட போச்சு, இது ஆளையே கொண்டுபோகும். எவ்வளவு பூண்டு உரிச்சு வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு கிலோ இருக்கும்ங்க."

"வீட்டுல எத்தனை பேர்? ஃப்ரிட்ஜ்ல மேல இருக்கிற ஃப்ரீசர் தட்டு காலியா இருக்கா?"

அவர் நான்கு பேர் என்றார், தட்டில் ஐஸ்கிரீம் இருக்கிறது என்றார். ஐஸ்கிரீமை இன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட்டு, எண்ணெய் எதுவும் ஊற்றாமல் பூண்டைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு உறைய வையுங்கள், சமைக்கும்போது வேண்டியதை மட்டும் உடைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டே அடுத்து வெங்காயம் பற்றிக் கேட்டார். வரிசை மெல்லத் திரையை விட்டு அக்கா பக்கம் வளைந்தது. வாணலியில் மீன் ஒட்டுகிறது என்றார் ஒரு பெண்மணி. வாணலி காய்வதற்கு முன்னால் மீனைப் போடுகிறீர்களா, போட்டதும் புரட்டிப் பார்க்கிறீர்களா என்று அக்கா கேட்டார். பின்னால் திரையும் விடவில்லை. கூட்டத்தில் யார் எது கேட்டாலும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அதுவும் பதில் சொன்னது. ஒரே தொண்டை இரண்டு பக்கமும் பேசியது. சிலர் சிரித்தார்கள், சிலர் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

கடைப் பெண் பாவம், வெலவெலத்துப் போனார். எது ஒரிஜினல் என்று மெதுவாகக் கேட்டார். தனக்கு இரண்டு நாள் வேலைதான், திரையை நிறுத்தும் பொத்தான் எங்கே என்றுகூடச் சொல்லித் தரவில்லை என்றார். அந்தப் பெண் மேல் அக்காவுக்கு ஒரு கோபமும் வரவில்லை. மாமியார்தான் போய் மேசைக்கடியில் குனிந்து மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, கடைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கண்காட்சிப் பொறுப்பாளர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். தன் மகளின் கால் எப்படி உடைந்தது என்று மாமியார் அவருக்கு விளக்கினார். ஒட்டாத வாணலிக் கடைவரை அது கேட்டது. அவர்களும் தங்கள் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்கள்.

ஆசிரியர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது அக்கா நடுவில், சுற்றிலும் ஒரு கூட்டம். எல்லார் எதிரிலும் அவர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். தனியாகப் பேசலாம் என்றார்.

"தனியாத்தான் அன்னைக்குப் பேசினோமே," என்றார் அக்கா. "இங்கயே சொல்லுங்க. என் குரலை எடுக்கிறீங்களா இல்லையா?"

கைபேசிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பியிருந்தன. எடுத்துவிடுகிறோம் என்றார்.

சொன்னபடி அந்த வாரத்திலேயே எடுத்துவிட்டார்கள். பத்திரிகையில், ஒரு மூலையில், உணவுத் தயாரிப்பு தொடர்பான சில பதில்கள் மேம்படுத்தப்பட்டுள்ளன என்று இரண்டு வரி வந்தது. யாருக்கு என்ன ஆனது என்று அதில் இல்லை, மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை. அதே பக்கத்தில் கால்வாசி இடத்துக்கு ஆப்பின் விளம்பரம். இடப் பற்றாக்குறை என்று சொன்ன பத்திரிகை.

ஓட்டுநரின் மனைவி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். எலும்பு ஒன்றுசேர இன்னும் நாள் ஆகும், ஆனால் சேர்ந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் இப்போது ஓரளவு சமைக்கிறார். சந்தேகம் வந்தால் அக்காவை நேராக அழைக்கிறார், அக்கா திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்குப் பேருந்து கிளம்பும் நேரம்வரை பதில் சொல்கிறார். மாமியார் வாரத்தில் ஒரு நாள் வந்து சாப்பிடுகிறார். தட்டில் கை வைக்கும் முன் கொதிச்சுதா என்று கேட்கிறார். ரொட்டியைப் பார்த்தும் அதையே கேட்கிறார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று அக்காவின் வீட்டுக்காரர் சொன்னார். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மத்தியானம் வீட்டுக்காரரின் கைபேசியை வாங்கி அந்த ஆப்பைத் திறந்தார். எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டார். இளமையான, இனிமையான வேறொரு குரல் வந்தது. அடுப்பை அணையுங்கள், சட்டியை நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், உலோக மூடியால் மூடி ஆறும்வரை திறக்காதீர்கள் என்றது.

"சரியாத்தானே சொல்லுது?" என்றார் வீட்டுக்காரர்.

சரியாகத்தான் சொன்னது. அதை அக்காவும் ஒத்துக்கொண்டார். ஆனால் தீப்பிடித்தால் என்று ஒரு மனுஷி கேட்கிறாளே, இப்போது எரிகிறதா, பக்கத்தில் குழந்தை இருக்கிறதா, வெளியே போக வழி இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. பதிலைச் சொல்லி முடித்ததும், இந்தப் பதில் உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று நட்சத்திரம் போடச் சொன்னது.

அக்கா அலுவலகத்துக்கு அழைத்தார். இந்தத் தடவை ஆசிரியர் பேசவில்லை, வேறு யாரோ எடுத்தார்கள். இந்தப் புதுக் குரல் எந்தப் பெண்ணுடையது, அவளுக்குத் தெரிந்துதான் எடுத்தீர்களா என்று அக்கா கேட்டார். அது யாருடைய குரலும் இல்லை மேடம், இயந்திரமே உண்டாக்கினது என்றார் அந்த ஆள். இனி யாருக்கும் எந்தப் புகாரும் இருக்காது என்று சந்தோஷமாகவே சொன்னார்.

"அப்ப நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, யாரு வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவாங்க?"

புகார்களுக்கு ஆப்பிலேயே ஒரு பகுதி இருக்கிறது என்று பதில் வந்தது. அக்கா வைத்துவிட்டார். உடனே ஓட்டுநரின் மாமியார் எண்ணைத் தேடி அழைத்தார். நாளைக் காலையில் வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எந்த ஆபீஸ், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார் மாமியார். நுகர்வோர் புகார் அலுவலகம் என்றார் அக்கா. அவர் கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் பிடித்திருந்தார். அப்படியும் மாமியார் பேசியது முழுவதும் அடுப்படியில் இருந்த வீட்டுக்காரருக்குத் தெளிவாகக் கேட்டது.